தவறுகளை அழிக்காத இசைத்தட்டு

கிட்டார் ஒலிக்கிறது. ஒரு குரல் பாடத் தொடங்குகிறது. உயரமான சுரத்தை எட்ட முயன்று, எட்ட முடியாமல் தடுமாறி, நின்றுவிடுகிறது. சில நொடிகள் பேச்சுச் சத்தம். பிறகு அதே குரல் மறுபடியும் முதலிலிருந்து பாடுகிறது.

இது ஒத்திகையின்போது யாரோ மறைவாகப் பதிவுசெய்தது அல்ல. 1970ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி பிரிட்டனில் விற்பனைக்கு வந்த ஓர் இசைத்தட்டில் உள்ள பாடல். இசைத்தட்டின் பெயர் ‘த மேட்கேப் லாஃப்ஸ்’. ‘கிறுக்கன் சிரிக்கிறான்’ என்று தமிழில் சொல்லலாம். பாடியவர் சிட் பேரட். உலகப் புகழ்பெற்ற ‘பிங்க் ஃபுளோய்ட்’ இசைக்குழுவுக்குப் பெயர் வைத்தவர், அதன் முதல் பாடல்களை எழுதியவர், பின்னர் அதே குழுவிலிருந்து விலக்கப்பட்டவர்.

கைப்பேசியில் ஒரு பாடலைப் பாடிச் சமூக ஊடகத்தில் பதிவேற்றும் முன், நம்மில் பலர் பத்து முறையாவது அதைத் திரும்பப் பாடுகிறோம். குரல் பிசிறினால் அழிக்கிறோம். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டால் வெட்டுகிறோம். அப்படிப் பழகிய நமக்கு இந்த இசைத்தட்டு ஒரு கேள்வியை எழுப்புகிறது. அந்தத் தடுமாற்றத்தை ஏன் அப்படியே விட்டுவைத்தார்கள்? அது பாடியவருக்குச் செய்த மரியாதையா, தீங்கா? விடை தேட, அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்க்கவேண்டும்.

கேம்பிரிட்ஜ் இளையர்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1946ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி பிறந்தார் ரோஜர் கீத் பேரட். ஐந்து பிள்ளைகளில் நான்காமவர். தந்தை மருத்துவர், நோயியல் துறை வல்லுநர். வீட்டில் இசைக்கும் ஓவியத்துக்கும் குறைவில்லை. பிள்ளை எதை வரைந்தாலும் எதை வாசித்தாலும் பெற்றோர் ஊக்கமளித்தனர்.

‘சிட்’ என்பது பதின்ம வயதில் வந்து ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். அவ்வூரில் அதே குடும்பப் பெயர்கொண்ட மூத்த ஜாஸ் இசைக்கலைஞர் ஒருவர் இருந்தார். அவருடைய பெயரிலிருந்து பிறந்ததுதான் அது. ரோஜர் என்பவர் சிட் ஆனது அப்படித்தான். இந்தப் பெயர் மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். இக்கதையின் முடிவில் அது மீண்டும் வரும்.

1961 டிசம்பரில் தந்தை புற்றுநோயால் இறந்தார். மகனுக்கு 16 வயது நிறைய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. குடும்பத்தைக் காப்பாற்றத் தாயார் வீட்டின் அறைகளை வாடகைக்கு விட்டார். மகனின் துயரத்தைத் திசைதிருப்ப, நண்பர்களுடன் வீட்டிலேயே இசை வாசிக்கவும் அனுமதித்தார்.

அந்நண்பர் வட்டத்தில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் ரோஜர் வாட்டர்ஸ். அவருடைய தாயார் ஆசிரியராக இருந்த தொடக்கப்பள்ளியில்தான் சிட் படித்தார். மற்றவர் டேவிட் கில்மர். கேம்பிரிட்ஜின் கலை, தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தபோது, மதிய உணவு நேரத்தில் சிட்டும் அவரும் சேர்ந்து கிட்டார் பழகினர். இசையைவிட ஓவியத்தில்தான் சிட்டுக்கு எதிர்காலம் இருப்பதாகப் பலர் நினைத்தனர். 1964ல் லண்டனின் கேம்பர்வெல் கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்கச் சென்றார்.

லண்டனில் வந்த புகழ்

லண்டனில் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூவரும் ஏற்கெனவே ஒரு குழுவாக வாசித்து வந்தனர். சிட் அதில் சேர்ந்தார். அமெரிக்க புளூஸ் பாடகர்களான பிங்க் ஆண்டர்சன், ஃபுளோய்ட் கவுன்சில் இருவரின் பெயர்களையும் இணைத்துக் குழுவுக்குப் புதிய பெயர் வைத்தவர் அவரே.

அது ‘சைகடெலிக்’ இசை முளைத்த காலம். கனவில் நடப்பதுபோன்ற உணர்வைத் தரும் எதிரொலிகள், நீண்டு செல்லும் வாசிப்புகள், மேடையின்மேல் வண்ணத் திரவங்கள் உருகி ஓடுவதுபோன்ற ஒளிக்காட்சிகள் ஆகியவை அதன் அடையாளங்கள். 1966 டிசம்பரில் லண்டனில் தொடங்கப்பட்ட ‘யூஎஃப்ஓ’ என்ற இரவு மன்றத்தில் பிங்க் ஃபுளோய்ட் இரசிகர் கூட்டத்தைச் சேர்த்தது. வட்டக் கண்ணாடிகள் ஒட்டிய கிட்டாரைப் பிடித்தபடி, சிகரெட் பற்றவைக்கும் உலோக லைட்டரைக் கம்பிகளின்மேல் இழுத்து, எதிரொலிக் கருவியின் வழியே சிட் எழுப்பிய ஒலிகள் அதுவரை பலர் கேட்டிராதவை.

1967ல் எல்லாம் வேகமாக நடந்தன. மார்ச் மாதம் ‘ஆர்னால்ட் லேன்’ என்ற பாடல் வெளிவந்தது. கொடியில் காயும் துணிகளைத் திருடும் ஒருவனைப் பற்றியது அது. பிரிட்டிஷ் தரவரிசையில் 20ஆம் இடம் கிடைத்தது. ஜூன் மாதம் வந்த ‘சீ எமிலி பிளே’ 6ஆம் இடத்தைப் பிடித்தது. ஆகஸ்ட்டில் முதல் இசைத்தொகுப்பு வெளியானது. அதிலுள்ள 11 படைப்புகளில் எட்டை சிட் தனியாகவே எழுதியிருந்தார். தொகுப்பின் தலைப்பு, ‘த விண்ட் இன் த வில்லோஸ்’ என்ற சிறுவர் கதையின் ஓர் அத்தியாயத்தின் பெயர். வயல்காட்டுப் பொம்மை, குள்ள மனிதர், சைக்கிள், எலி என்று அவருடைய பாடல்களில் சிறுபிள்ளையின் உலகமும் விண்வெளியும் ஒன்றாக இடம்பெற்றன. அப்போது அவருக்கு வயது 21.

ஏற்றிக்கொள்ளாத வண்டி

அதே ஆண்டின் பிற்பாதியில் அவரிடம் மாற்றம் தெரிந்தது. எல்எஸ்டி என்ற போதைப்பொருளை அவர் அடிக்கடி உட்கொண்டார். மேடையில் கிட்டாரின் கம்பிகளைத் தளர்த்திவிட்டு நிற்பார். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். சில நேரங்களில் எதையுமே வாசிக்கமாட்டார். குழு அமெரிக்கா சென்றபோது பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று.

போதைப்பொருள் மட்டுமே காரணமா, மனநலச் சிக்கல் முன்பே இருந்ததா, திடீர்ப் புகழின் சுமையா என்பதில் அவருக்கு மிக நெருக்கமாக இருந்தவர்களே இன்றுவரை ஒரே கருத்துக்கு வரவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. அவருக்கு உதவி தேவைப்பட்டது. சுற்றியிருந்தவர்களோ 20 வயதைத் தாண்டிய இளையர்கள். அடுத்த நிகழ்ச்சி, அடுத்த பாடல், அடுத்த ஊர் என்று ஓடிக்கொண்டிருந்தவர்கள். மனநலத்தைப் பற்றி இன்று நாம் பேசும் அளவுக்கு அன்று வெளிப்படையாகப் பேசும் வழக்கமும் இல்லை.

பழைய நண்பர் கில்மரை ஐந்தாவது உறுப்பினராகச் சேர்த்தார்கள். சிட் பாடல் எழுதட்டும், மேடையில் கில்மர் வாசிக்கட்டும் என்பது திட்டம். அது சில வாரங்களே நீடித்தது. 1968 ஜனவரி இறுதியில் ஒருநாள், சவுதாம்டன் நகரில் நிகழ்ச்சி. போகும் வழியில் சிட்டை ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்ற பேச்சு வண்டியில் எழுந்தது. வேண்டாம் என்று முடிவானது. வண்டி அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

சண்டை இல்லை, விடைபெறுதலும் இல்லை. குழுவை உருவாக்கியவர்களில் ஒருவர் அப்படித்தான் வெளியே விடப்பட்டார். ஏப்ரல் மாதம் அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது. நண்பர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், என்ன செய்வதென்று தெரியாதபோது பேசாமல் ஒதுங்கிவிடுவது நமக்கும் தெரிந்த பழக்கம்தான். பதில் அனுப்பாத குறுஞ்செய்தியும் அந்த வண்டியைப் போன்றதே.

ஓர் ஆண்டுக்குமேல் எடுத்த 13 பாடல்கள்

குழுவை விட்டுப் போனாலும் பாடல்கள் அவரிடம் இருந்தன. மேலாளர்களில் ஒருவரான பீட்டர் ஜென்னர் 1968 மே மாதம் அவரை லண்டனின் ஏபி ரோட்டிலுள்ள ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். முயற்சி பாதியில் நின்றது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1969 ஏப்ரலில், ஈஎம்ஐ நிறுவனத்தின் ‘ஹார்வெஸ்ட்’ இசைப்பிரிவின் பொறுப்பாளரான மால்கம் ஜோன்ஸ் மீண்டும் தொடங்கினார்.

இன்று ‘லோ-ஃபை’ என்று ஒரு வகை இசையைக் குறிப்பிடுகிறோம். மெருகேற்றாத, வீட்டு அறையில் பதிவுசெய்தது போன்ற ஒலியைக் கொண்டது அது. ‘த மேட்கேப் லாஃப்ஸ்’ அத்தகைய இசைக்கு முன்னோடிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆனால் அது வீட்டு அறையில் உருவானதன்று. பீட்டில்ஸ் குழுவினர் தங்கள் புகழ்பெற்ற தொகுப்புகளை உருவாக்கிய அதே கட்டடத்தில், தேர்ந்த பொறியாளர்களின் கைகளில் உருவானது. அந்த எளிமைக்குக் காரணம் கருவிகளின் குறைபாடன்று. பாடியவர் பாடிய விதமே காரணம்.

பொதுவாக ஒரு பாடலைப் பதிவுசெய்யும்போது டிரம்ஸ், பேஸ் கிட்டார் போன்றவற்றை முதலில் பதிவுசெய்து தாளத்தை நிலைநிறுத்துவார்கள். பிறகு அதன்மேல் குரலைச் சேர்ப்பார்கள். சிட்டின் சில பாடல்களில் இது தலைகீழானது. அவர் கிட்டாரை வாசித்துக்கொண்டே பாடியதை முதலில் பதிவுசெய்தார்கள். ‘சாஃப்ட் மெஷின்’ குழுவின் இசைக்கலைஞர்கள் பின்னர் வந்து, அந்தப் பதிவைக் கேட்டபடி தங்கள் வாசிப்பைச் சேர்த்தார்கள். அது எளிதாக இல்லை. ஒரு வரியில் நான்கு தட்டுகள் இருந்தால் அடுத்த வரியில் கூடும் அல்லது குறையும். சொல் முடியும் இடத்தில் தாளமும் முடிந்துவிடும். பாடல் அவருடைய மூச்சைப் பின்பற்றியது. மற்றவர்கள் அந்த மூச்சைப் பின்தொடர வேண்டியிருந்தது.

அதனால்தான் அப்பாடல்களைக் கேட்கும்போது வாத்தியங்கள் குரலுக்கு அரை நொடி பின்னால் தடுமாறி வருவதுபோல் தோன்றுகிறது. முதலில் அது பிழையாகப் படும். சில முறை கேட்டபின், இருட்டில் ஒருவர் முன்னே நடக்க மற்றவர்கள் அவர் காலடிச் சத்தத்தைக் கேட்டுப் பின்னால் போவதுபோல் படும்.

எல்லாப் பாடல்களும் சோகமானவை என்று எண்ணிவிடவேண்டாம். ‘லவ் யூ’ துள்ளலானது. ‘ஆக்டபஸ்’ திருவிழா இராட்டினத்தில் சுற்றுவதுபோன்றது. ‘கோல்டன் ஹேர்’ பாடலில் ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய கவிதைக்கு சிட் இசையமைத்திருக்கிறார். ‘டார்க் குளோப்’ பாடலிலோ ஒரு கிட்டாரும் ஒரு குரலும் மட்டுமே. குரல் கிட்டத்தட்ட கதறலின் விளிம்பில் நிற்கிறது.

வெட்டுவதா, விடுவதா?

இசைத்தட்டின் கடைசிக் கட்டத்தில் பொறுப்பேற்றவர்கள் வேறு யாருமல்லர். அன்று வண்டியைத் திருப்பாமல் சென்ற குழுவைச் சேர்ந்த வாட்டர்சும், சிட்டின் இடத்தில் அமர்ந்த கில்மரும்தான். தங்கள் சொந்தத் தொகுப்பு வேலைகளுக்கு இடையே, 1969 ஜூன், ஜூலை மாதங்களில் கிடைத்த குறைந்த நேரத்தில் மீதிப் பாடல்களைப் பதிவுசெய்தனர்.

ஜூலையில் பதிவான பாடல்கள் சிட் தனியாக கிட்டாருடன் பாடியவை. அவற்றில்தான் நாம் தொடக்கத்தில் பார்த்த தடுமாற்றம் இருக்கிறது. ஒரு பாடலின் நடுவே, அவர் வரிகள் எழுதிய தாளைப் புரட்டும் சத்தம்கூடக் கேட்கிறது. இவற்றை நீக்கியிருக்கலாம். நீக்காமல் விட்டார்கள்.

இதைப் பற்றி அப்போதே கருத்து வேறுபாடு இருந்தது. சிட் எவ்வளவு திறமையாகப் பதிவுசெய்தார் என்பதை ஏப்ரல் மாதம் நேரில் பார்த்தவர் மால்கம் ஜோன்ஸ். அந்தத் தடுமாற்றங்கள் வெளியுலகுக்குப் போனது அவருக்குப் பிடிக்கவில்லை. சிட்டுக்கு அது நியாயம் செய்யவில்லை என்று கருதினார். சிட் உண்மையில் எப்படி இருந்தார் என்பதை மறைக்காமல் காட்டும் எண்ணம் மற்ற இருவருக்கும் இருந்தது. எனினும், அந்த முடிவு சரிதானா என்ற சந்தேகத்தைக் கில்மரே பிற்காலத்தில் வெளிப்படுத்தியிருக்கிறார்.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. வெட்டியிருந்தால், நலமாக இருப்பதுபோல் நடிக்கும் ஒருவரின் இசைத்தட்டு கிடைத்திருக்கும். வெட்டாததால், தன்னைத் தற்காத்துக்கொள்ள முடியாத ஒருவரின் தளர்ந்த நிமிடங்களை 50 ஆண்டுகளுக்கு மேலாக உலகம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நேர்மைக்கும் அம்பலப்படுத்துவதற்கும் இடையே உள்ள கோடு மெல்லியது. சிட்டின் அனுமதி அதில் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தே அக்கோடு எங்கே விழுகிறது என்று சொல்ல முடியும்.

இசைத்தட்டின் அட்டைப்படமும் இதே கேள்வியை எழுப்புகிறது. புகைப்படக்காரர் மிக் ராக், சிட்டின் எர்ல்ஸ் கோர்ட் வீட்டில் எடுத்த படம் அது. வெறுமையான அறை. ஆரஞ்சும் ஊதாவுமாக மாறிமாறி வண்ணம் பூசிய மரத்தரை. நடுவே குந்தியிருக்கிறார் சிட். தரைக்கு வண்ணம் பூசியவர் அவரே. அதை மனம் சிதைந்தவரின் செயல் என்று பார்ப்பவர்கள் உண்டு. ஓவியம் படித்த ஒருவர் தம் அறையையே ஓவியமாக்கினார் என்றும் பார்க்கலாமே!

மீண்டும் ரோஜர்

பிரிட்டிஷ் தரவரிசையில் இசைத்தட்டு 40ஆம் இடத்தைத் தொட்டது. 1970 நவம்பரில் ‘பேரட்’ என்ற இரண்டாம் தொகுப்பு வந்தது. அதன் அட்டையில் உள்ள பூச்சிகளை வரைந்தவர் சிட். அவ்வாண்டு ஜூன் மாதம் லண்டன் ஒலிம்பியா அரங்கில் மேடையேறியவர், நான்கு பாடல்களுடன் கிட்டாரை இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். 1972ல் கேம்பிரிட்ஜில் ஒரு குழுவில் வாசித்ததும் சில நிகழ்ச்சிகளோடு நின்றது.

1975 ஜூன் 5ஆம் தேதி, ஏபி ரோட்டில் பிங்க் ஃபுளோய்ட் புதிய தொகுப்பை உருவாக்கிக்கொண்டிருந்தது. பருத்த உடலும் மழித்த தலையும் மழித்த புருவங்களுமாக ஒருவர் உள்ளே வந்து நின்றார். யாரென்று நண்பர்களுக்குத் தெரியவில்லை. அடையாளம் தெரிந்தபோது சிலர் அழுதுவிட்டனர். அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்த ‘ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்’, அவரை நினைத்து எழுதிய பாடல்.

பெரும்பாலும் அவருடைய கதையை இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். ஆனால் அவர் அதன்பின் 31 ஆண்டுகள் வாழ்ந்தார். கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். ‘சிட்’ என்ற பெயரைக் கைவிட்டு, மீண்டும் ரோஜர் ஆனார். தோட்டம் வளர்த்தார். சைக்கிளில் கடைக்குப் போனார். ஓவியம் வரைந்தார்; வரைந்ததைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, மூலத்தை அழித்துவிடுவார். தங்கை ரோஸ்மேரி அடிக்கடி வந்து கவனித்துக்கொண்டார். பழைய பாடல்களுக்குரிய உரிமைத்தொகை அவருக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்வதில் கில்மர் அக்கறை காட்டினார். விலகிச் சென்ற நண்பர் தாமதமாகவேனும் செய்த உதவி அது.

அவரை நிம்மதியாக விடாதவர்கள் இரசிகர்களும் படம் எடுக்க வந்தவர்களும்தான். கதவைத் தட்டிச் சிட்டைத் தேடினார்கள். அங்கே ரோஜர் மட்டுமே இருந்தார். கணையப் புற்றுநோயால் 2006 ஜூலை 7ஆம் தேதி, 60 வயதில் காலமானார். பின்னர் அவருடைய வீட்டுப் பொருள்களும் எஞ்சிய ஓவியங்களும் கேம்பிரிட்ஜில் ஏலம் விடப்பட்டன. அந்தப் பணம் கலை பயிலும் மாணவர்களுக்கு உதவ ஒதுக்கப்படும் என்று குடும்பத்தினர் அறிவித்தனர்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

எங்கள் தலைமுறைக்கு ‘பைத்தியக்கார மேதை’ என்ற கதை மிகவும் பிடிக்கும். போதையும் மனக்குழப்பமும்தான் நல்ல கலையைத் தருகின்றன என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. சிட்டின் வாழ்க்கை அதற்கு எதிரான சான்று. அவருடைய சிறந்த பாடல்கள் பல அவர் தெளிவாக இருந்தபோது பிறந்தவை. போதை அவருக்குப் பாடல்களைத் தரவில்லை; பாட முடியாத நாள்களையே தந்தது.

அவர் மிகக் குறைவாகவே எழுதினாலும், டேவிட் போவி 1973ல் ‘சீ எமிலி பிளே’யைப் பாடிப் பதிவுசெய்தார். பின்னால் வந்த பல குழுக்கள் அவருடைய பாடல்களை மறுபடி பாடின. மெருகில்லாத குரலும் கலை ஆகலாம் என்ற துணிவை இன்று அறையில் அமர்ந்து பாடல் உருவாக்கும் பலருக்கு அவர் கொடுத்திருக்கிறார்.

‘த மேட்கேப் லாஃப்ஸ்’ கேட்க வாய்ப்புக் கிடைத்தால், அந்தத் தடுமாற்றம் வரும் இடத்தில் தாண்டிச் செல்லவேண்டாம். ஆனால் வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். 23 வயது இளையர் ஒருவர், பாட முடியாத ஒரு நாளிலும், தாளைப் புரட்டிக்கொண்டு இன்னொரு முறை முயல்கிறார். கண்ணாடிக்கு அப்பால் அவருடைய நண்பர்கள் இருவர், என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் நண்பர் ஒருவர் அந்த நிலையில் இருந்தால், ஒலிப்பதிவுப் பொத்தானை நிறுத்திவிட்டு அவர் அருகே போய் உட்கார நாம் கற்றுக்கொள்ளலாம்.